கிணற்றடி வரை எட்டும் வயர்

விடிய ஆறேகால் பஸ்ஸுக்கு இராசமலர் வெள்ளெனவே வேலி வாசல் படலையடிக்கு வந்துவிட்டாள். மிச்ச நேரம் புருசனுக்குப் புத்தி சொல்வதற்கு.

"விடியவும் பின்னேரமும் மிளகாய்க் கண்டுகளுக்குத் தண்ணி விடுங்கோ."

"ஓம்."

"வெயிலுக்கை விட்டிடாதேங்கோ. வேர் அவிஞ்சுபோகும்."

"தெரியும்."

"முடிய மோட்டரை நிப்பாட்டுங்கோ."

"நிப்பாட்டாமல் விடுவனே?"

"வயரைப் பற்றி ஆர் என்ன சொன்னாலும் காதிலை போடாதேங்கோ."

பரமேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான்.

"வயரைப் பற்றி ஆர் என்ன சொல்லப்போகினம்?"

பஸ் வந்துவிட்டது. இராசமலர் பையோடு ஏறினாள். ஜெயபுரத்தில் அவளுடைய தங்கைக்குப் பிள்ளை பிறந்திருந்தது. இரண்டு நாள் நின்றுவிட்டு வருவதாக ஏற்பாடு. பஸ் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. கேட்ட கேள்வி படலையடியிலேயே நின்றது.

வயர் வாங்கிப் பத்து நாள்கூட ஆகவில்லை. பரந்தனில் முத்தலிப்பின் கடையில் இராசமலர் தனியே போய் வாங்கிவந்தது. மோட்டருக்கென்றே உள்ள மொத்த வயர், விரல் தடிப்பு. ஒரு காலத்தில் செம்மஞ்சளாக இருந்திருக்கவேண்டும். கடை வாசலில் வெயிலில் தொங்கித் தொங்கிப் பழுத்த பூவரசம் இலையின் நிறத்துக்கு வந்திருந்தது. அடுப்பெரியும் குசினியின் சுவரில் உள்ள பிளக்கில் தொடங்கி, தேசிமரத்தின் கீழால், வேலி ஓரமாகப் போய்க் கிணற்றடியில் முடியும். வாங்கப் போகுமுன் இராசமலர் தூரத்தைக் கயிறு போட்டு அளந்துகொண்டு போயிருந்தாள். விரித்துப் பார்த்தபோது ஒரு முழம்தான் மிச்சம் இருந்தது. அந்த ஒரு முழத்துக்கும் அவள் மனம் வருந்தினாள்.

பரமேஸ்வரனை அவள் கடைக்குக் கூட்டிப்போகவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

பரமேஸ்வரனுக்கு இல்லை என்று சொல்ல வராது. ஏணி, சோறு காய்ச்சும் கிடாரம், ஒற்றைச் சில்லு வண்டில், தார்ப்பாய் என்று அவன் வீட்டில் இருந்த சாமான்களைவிட ஊரில் இருந்த அவன் வீட்டுச் சாமான்கள் அதிகம். போன மாசம் வேலிக்குக் கதியால் நடக் குழி போட அலவாங்கு தேவைப்பட்டது. அலவாங்கு வேறொருவனிடம் இருந்தது. பரமேஸ்வரன் போய், ஒரு நாளைக்கு மட்டும் என்று கேட்டுத் தன் அலவாங்கை இரவல் வாங்கிவந்தான். மறுநாள் சொன்னபடி திருப்பியும் கொடுத்துவிட்டான்.

பழைய வயரும் அப்படித்தான் போனது. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு வீட்டுக்கு இரவல் கொடுத்தான். அங்கே அதில் லைட்டைக் கொளுவினார்கள், ஒலிபெருக்கியைக் கொளுவினார்கள், போதாததற்குச் சோறு அவிக்கும் குக்கர் இரண்டையும் கொளுவினார்கள். வயர் அழகாகச் சுற்றப்பட்டு ஒரு பை பலகாரத்தோடு திரும்பி வந்தது. உள்ளே வெந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த நாள் மோட்டருக்குக் கொடுத்தபோது முதலில் மோட்டர் முனகியது. பிறகு புகைந்தது.

"பலகாரம் நல்லாய்த்தான் இருந்தது," என்றான் பரமேஸ்வரன்.

இராசமலர் மூன்று நாள் அவனோடு கதைக்கவில்லை. பிறகு தன் சீட்டுக்காசை எடுத்துப் புது மோட்டர் வாங்கினாள். ஆகவே இந்த முறை மோட்டர் அவளுடையது, வயர் அவளுடையது, போன கிழமை நட்ட மிளகாய்க் கண்டும் அவளுடையது. சுவிச்சைப் போடும் வேலை மட்டும் பரமேஸ்வரனுடையது. இந்த மோட்டரும் புகைந்தால் இனி இந்த வீட்டில் தனக்குச் சோறு கிடைக்கலாம், கதை கிடைக்காது என்று அவனுக்குத் தெரியும்.

விடியற்காலை இறைப்பு ஒரு குறையுமில்லாமல் முடிந்தது. மோட்டர் ஒரே சுருதியில் ஓடியது. கண்டுகள் நிமிர்ந்து நின்றன. மோட்டரை நிப்பாட்டினான். நிப்பாட்டியதை இரண்டாம் தரமும் போய்ப் பார்த்தான். பிறகு தேயிலை வாங்கச் சந்திக் கடைக்குப் போனான்.

கடையில் பிரதீபன் நின்றான். ஊரில் எந்தக் காரியமென்றாலும் லைட்டும் ஒலிபெருக்கியும் போடுகிறவன். அவனுடைய தொழிலில் பாதிச் சாமான் அவனுடையது. மீதி ஊருடையது.

"பரமண்ணை, புது வயராம்."

"ஓம். பரந்தனிலை எடுத்தது."

அடுத்தது என்னவென்று பரமேஸ்வரனுக்குத் தெரியும். கொண்டுபோ என்று சொல்ல வாயையும் திறந்துவிட்டான்.

"அது கூடாதாமே," என்றான் பிரதீபன்.

திறந்த வாய் அப்படியே நின்றது.

"ஆர் சொன்னது?"

"ஆரெண்டு சொல்லுறது? எல்லாரும்தான் கதைக்கினம்."

கடைக்காரர் தேயிலையைச் சுற்றிக்கொண்டே, "நானும் கேள்விப்பட்டனான்," என்றார். "வெளியிலை மொத்தமாம். உள்ளுக்கை நூலாம்."

திரும்பி வரும் வழியில் மீன்காரி வடிவம்மா சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். அவள் போகாத ஒழுங்கை வட்டக்கச்சியில் இல்லை. மீன் முடிந்த பிறகும் கதைக்காக நாலு வீடு போய்வருவாள்.

"வடிவம்மாக்கா, எங்கட புது வயரைப் பற்றி ஏதும் கேள்விப்பட்டனீங்களோ?"

வடிவம்மா சைக்கிளை நிறுத்தி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஓம் தம்பி. கூடாதாம்."

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஊரெல்லாம் திரியிறன். ஆர் என்ன சொன்னதெண்டு ஞாபகம் வைச்சிருக்கேலுமோ? திரளி கிடக்கு, எடுக்கிறியளோ?"

பரமேஸ்வரன் திரளி எடுக்கவில்லை. ஒருவர் சொன்னால் பொறாமை. இருவர் சொன்னால் வம்பு. மூன்று பேர் சொன்னால் அது வயரில்தான் பிழை.

வீட்டுக்கு வந்து யோசித்தபோது இதைவிடப் பெரிய அத்தாட்சி ஒன்று அவனுக்குத் தட்டுப்பட்டது. வயர் வந்து இத்தனை நாளாகியும் ஒருவரும் இரவல் கேட்டு வரவில்லை. அவன் வீட்டுக்குப் புதிதாக ஒரு வாளி வந்தால்கூட அடுத்த நாள் படலையடியில் ஆள் நிற்கும். இந்த வயருக்கு ஒரு குஞ்சுகூட வரவில்லை. நல்ல சாமானென்றால் இந்நேரம் இது வீட்டிலா இருக்கும்?

மத்தியானம் கிணற்றடிக்குப் போய் வயரில் கையை வைத்துப் பார்த்தான். சுட்டது.

பக்கத்தில் கிடந்த மண்வெட்டியும் சுட்டிருக்கும். அதை அவன் தொடவில்லை.

பரமேஸ்வரன் ஆள் அனுப்ப, பிரதீபன் குறட்டோடு வந்தான். ஆளுக்குக் காசு வேண்டாம். இப்படி ஒன்றைப் பார்த்துப் பிழை சொல்லச் சந்தர்ப்பம் கிடைத்தால் போதும். வயரைச் சுருளாகத் தூக்கிப் பார்த்தான்.

"பாரம் இருக்கு."

"அப்ப நல்லதோ?"

"பாரம் ரப்பரிலையும் வரும் அண்ணை. உதுதான் அவங்கட யுக்தி."

பிறகு வயரின் மேல் இருந்த எழுத்தைத் தேடினான். இருந்த இடத்தில் ஒரு வெள்ளை நிழல்தான் இருந்தது.

"எழுத்து அழிஞ்சு போச்சு. நல்ல வயரிலை அழியாது."

"வெயிலிலை தொங்கினதடா."

"நல்ல வயரை ஏன் வெயிலிலை தொங்கவிடுறான்?"

பிரதீபன் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு, நுனியைப் பல்லால் கடித்து உரித்தான். உள்ளே கம்பிகள் சிவப்பாக, நெருக்கமாக இருந்தன.

"செம்பு," என்றான் பரமேஸ்வரன்.

"செம்பு மாதிரி," என்று பிரதீபன் திருத்தினான். "உள்ளுக்கை அலுமினியம். மேலாலை செம்புப் பூச்சு. சுரண்டினால் வெள்ளை தெரியும், பாருங்கோ."

கத்தியால் சுரண்டினான். சிவப்பாக இருந்தது. மறுபடி சுரண்டினான். சிவப்பாகவே இருந்தது. கம்பி மெலிந்து அறுந்தது. அறுந்த இடமும் சிவப்பு.

பிரதீபன் அதை வெளிச்சத்துக்குப் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

"கெட்டிக்காரர்," என்றான் கடைசியில். "நல்ல மொத்தமாய்ப் பூசியிருக்கிறாங்கள்."

வீட்டில் வைத்து ஆறுதலாகப் பார்க்கவேண்டும் என்று சொல்லி ஒரு பாகம் நீளத்துக்கு வெட்டினான். கைகள் இரண்டையும் விரித்து அளந்து, தாராளமாகவே வெட்டினான். வெட்டிய துண்டைக் கவனமாகச் சுருட்டித் தன் பையில் வைத்துக்கொண்டான்.

பின்வேலிக்கு அப்பால் ஆண்டியப்பனின் வெல்டிங் பட்டறை. இருவரும் கதைப்பதைக் கேட்டு அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வேலியைத் தாண்டி வந்தான். தகப்பன் காலத்தில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பேச்சில் இன்னும் அந்த ஊர் இருந்தது.

"எங்க வெட்டிப் பாத்தீங்க அண்ணே?"

"நுனியிலை."

ஆண்டியப்பன் சிரித்தான். பிரதீபனுக்கு அது பிடிக்கவில்லை.

"நுனியில நல்ல செம்புதான் போடுவாங்க. ஆளுங்க அங்கதானே உரிச்சுப் பாப்பாங்க. கள்ளம் நடுவுலதான் அண்ணே."

இதைக் கேட்டதும் பிரதீபனுக்கே அது நியாயமாகப் பட்டது. பரமேஸ்வரன் திரும்பி வயரைப் பார்த்தான். நடுப்பகுதி தேசிமரத்தின் கீழ் ஒன்றுமறியாததுபோலக் கிடந்தது.

"நடுவிலை வெட்டினால் பிறகு பொருத்தலாமோ?"

"பொருத்த முடியாத வயர் உலகத்துல இருக்கா அண்ணே?"

வெட்டினார்கள். சிவப்பு.

"அப்ப கால்வாசியிலை இருக்கும்," என்றான் பிரதீபன். விட்ட பெயரைப் பிடிக்கும் அவசரம் அவனுக்கு.

குசினிப் பக்கத்துக் கால்வாசியில் வெட்டினார்கள். சிவப்பு. அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் பார்க்காமல் விட்டால் மனச்சாட்சி கேட்காது. கிணற்றுப் பக்கத்துக் கால்வாசியிலும் வெட்டினார்கள். அங்கும் சிவப்பு. ஒவ்வொரு வெட்டிலும் ஒருவர் ஒரு சாண் துண்டை எடுத்து உரித்துப் பார்த்தார். மற்றவர் நம்பாமல் தனக்கென்று இன்னொரு சாண் எடுத்தார்.

"நெருப்புல போடுவோம்," என்றான் ஆண்டியப்பன். "அலுமினியம்னா உருகி ஒழுகிடும்."

பட்டறையின் காஸ் நெருப்பில் ஒரு முழத் துண்டைப் பிடித்தார்கள். ரப்பர் எரிந்து நாறியது. கம்பி சிவந்து, கறுத்து, அப்படியே நின்றது. ஒழுகவில்லை.

"அப்ப செம்புதானோ?" என்று பரமேஸ்வரன் மெல்லக் கேட்டான்.

ஆண்டியப்பன் குறட்டைக் கீழே வைத்தான்.

"அதுதான் அண்ணே எனக்குப் பயமா இருக்கு. இப்பல்லாம் என்னத்தக் கலக்குறாங்கன்னே தெரியல."

பின்னேரம் மூவரும் சேர்ந்து வயரைப் பொருத்தினார்கள். கம்பிகளை முறுக்கிக் கறுப்பு ரேப் சுற்றினார்கள். முறுக்கிய ஒவ்வொரு இடத்திலும் நீளம் இன்னும் கொஞ்சம் போனது. பொருத்தி முடித்து இழுத்துப் பார்த்தபோது வயர் கிணற்றடிக்கு எட்டவில்லை. இரண்டு பாகம் தூரத்தில், ஒரு பாத்தியின் நடுவில் அது முடிந்தது.

பிரதீபனுக்கு அன்றைக்கு ஒரு கோயிலில் வேலை இருந்தது. ஆண்டியப்பனின் பட்டறையில் இரும்புக் கேற் செய்விக்க யாரோ வந்து நின்றார்கள்.

பரமேஸ்வரன் வாளியை எடுத்தான். பாதிப் பாத்திக்குமேல் அவனால் முடியவில்லை. குனிந்து குனிந்து நாரி பிடித்துக்கொண்டது. மீதிக் கண்டுகள் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தன.

பொழுதுபட இராசமலர் போன் எடுத்தாள்.

"தண்ணி விட்டாச்சோ?"

"விட்டாச்சு." வாளியில் போனதும் தண்ணீர்தானே.

"வயரை ஆரும் இரவல் கேட்டவையோ?"

"இல்லை. ஒருத்தரும் கேக்கேல்லை."

"நல்லது," என்றாள் இராசமலர். அந்தக் குரலில் பெரிய நிம்மதி இருந்தது.

பாவம், இன்னும் ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டான். தெரியாமலே இருக்கட்டும். ஏமாந்தவளை மேலும் நோகவைக்கக் கூடாது.

விடியத் திரும்பவும் வாளியால் ஊற்றிவிட்டு, வெட்டிய துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளில் பரந்தனுக்குப் போனான். முத்தலிப் நானா அப்போதுதான் கடையைத் திறந்து, வாசலில் வயர்ச் சுருள்களைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். வெயில் அவற்றின் மேல் விழத் தொடங்கியிருந்தது.

பரமேஸ்வரன் துண்டுகளை மேசையில் பரப்பினான். முத்தலிப் ஒன்றொன்றாக எடுத்துப் பார்த்தார். எரிந்த துண்டை மணந்தும் பார்த்தார்.

"இது என்ட கடை வயர்தான். ஆர் இப்பிடி வெட்டினது?"

"சோதிச்சுப் பாக்க வெட்டினது, நானா."

"சோதிச்சு என்ன கண்டீங்க?"

"எல்லா இடமும் செம்பு எண்டுதான் தெரியுது. அதுதான் சந்தேகம்."

முத்தலிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டார். வாடிக்கையாளரோடு கோபிப்பதில்லை என்பது அவருடைய கொள்கை. அன்றைக்கு அதற்குக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டது.

"தம்பி, என்ட கடையிலை உள்ள வயரிலை இதுதான் நல்லது. நிறம் போனதாலைதான் மலிவாய்க் குடுத்தன். இதே வயர் புது நிறத்திலையும் இருந்தது. உங்கட அவவுக்குக் காட்டினன். வேண்டாம் எண்டுட்டா. கடைசியிலை அதே விலைக்கே புதுசு தாறனெண்டும் சொல்லிப் பாத்தன்."

"பிறகு?"

"பாக்க இதைவிட மோசமாய் ஒண்டும் இல்லையோ எண்டு கேட்டா."

பரமேஸ்வரன் தலையை ஆட்டினான். ஏமாறும் நேரத்தில் மனிதருக்குப் புத்தி எப்படியெல்லாம் போகிறது.

"மாத்தித் தரேலுமோ?"

"வயரெண்டால் மாத்தலாம். இது சாம்பிள்."

"அப்ப இது நல்லதெண்டு நான் எப்பிடி அறியிறது?"

"லேசான வேலை. வயரை நிழலிலை விரிச்சு, மோட்டரை ஓடவிட்டு, ஒரு மணித்தியாலத்தாலை கையை வையுங்க. சுடாட்டி நல்லது."

"கை வைச்சனான் நானா. நல்லாய்ச் சுட்டது."

"எப்ப வைச்சீங்க?"

"நேற்று மத்தியானம்."

"நிழலிலையோ?"

"வெயிலிலை."

"மோட்டர் ஓடினதோ?"

"இல்லை."

முத்தலிப் துண்டுகளைப் பையில் போட்டு, வாயைக் கட்டி, அவன் கையில் கொடுத்தார். பிறகு பல்ப் வாங்க வந்தவரிடம் திரும்பினார்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. கண்டுகள் துவண்டு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. குறைவது இரண்டு பாகம்தான். அதற்கு ஏதாவது வயர் போதும் என்று பரமேஸ்வரனுக்குத் தோன்றியது. அறையில் மேசைக் காற்றாடிக்குப் போட்டிருந்த வெள்ளை வயரைக் கழற்றினான். நூல் போல மெல்லியது. மெல்லியதென்றாலும் அதைப் பற்றி ஊரில் ஒருவரும் ஒரு குறையும் சொன்னதில்லை. மொத்த வயரின் நுனியில் அதைப் பொருத்தி, மோட்டருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

பின்னேரம் சுவிச்சைப் போட்டான். மோட்டர் முனகியது.

அந்த முனகல் அவனுக்குத் தெரிந்த முனகல். திரும்பிக் குசினிக்கு ஓடினான். நாரிப்பிடிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவன் கை சுவிச்சில் படுமுன்பே வெளியில் டப் என்றது. வெள்ளை வயர் பாத்தியில் சுருண்டு புகைந்துகொண்டிருந்தது. வீட்டில் கரண்ட் நின்றுவிட்டது.

கிணற்றடிக்குப் போய் மோட்டரை மணந்து பார்த்தான். மணமில்லை. கையை வைத்துப் பார்த்தான். சுடவில்லை. அதன் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் குந்தியிருந்தான்.

"என்ன அண்ணே, சத்தம்?" என்று வேலிக்கு மேலால் ஆண்டியப்பன் கேட்டான்.

பரமேஸ்வரன் சொன்னான்.

"இதுக்கா யோசிக்கிறீங்க? நம்ம பட்டறையில இருந்து இழுங்க. கிணறு இங்க இருந்து கிட்டத்தானே."

குசினியிலிருந்து இழுக்கும் தூரத்தில் பாதிகூட வராது. வயரைக் கழற்றி வேலிக்கு மேலால் எறிந்தார்கள். ஆண்டியப்பன் தன் பக்கத்தில் பிளக்கைக் கொடுத்தான். கிணற்றடிக்கு வயர் எட்டியது மட்டுமல்ல, சுருண்டும் கிடந்தது. மோட்டர் ஒரு முறை கனைத்துவிட்டு, ஒரே சுருதியில் ஓடியது. தண்ணீர் பாத்திக்குப் பாத்தி ஏறியது. பொழுதுபடும்போது கண்டுகள் ஒவ்வொன்றாக இலையை நிமிர்த்தின.

பரமேஸ்வரன் வயரில் கையை வைத்துப் பார்த்தான். குளிர்ந்திருந்தது.

"வெட்டிப் பொருத்தினதாலதான் சரியாயிருக்கு," என்றான் ஆண்டியப்பன். "நோய் எங்கயோ போயிருச்சு."

இரண்டு நாளில் முதல்முறையாகப் பரமேஸ்வரன் சிரித்தான். கூடாத வயரை நல்ல வயராக்கிவிட்டோம். மோட்டர் தப்பியது. கண்டு தப்பியது. இராசமலர் வந்து பார்த்தால் அவளுக்கும் திருப்தியாக இருக்கும்.

ஆண்டியப்பன் வேலியில் சாய்ந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்."

"நம்ம கிணத்துல சேறு எடுக்கணும். மோட்டர ஒரு நாளைக்குத் தந்தீங்கன்னா..."

இவன் கரண்ட் கொடுத்தவன். இல்லாவிட்டாலும் பரமேஸ்வரனிடம் பதில் ஒன்றுதான் இருந்தது.

"கொண்டுபோ," என்றான்.

விடிய முதல் பஸ்ஸில் இராசமலர் வந்து இறங்கினாள். பையை வாசலில் வைக்கவில்லை. தோளில் போட்டபடியே பின்வளவுக்குப் போனாள். முதலில் கண்டுகளைப் பார்த்தாள். கண்டுகள் நன்றாக நின்றன. அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு கிணற்றடியைப் பார்த்தாள்.

"மோட்டர் எங்கை?"

"ஆண்டியப்பன் ஒரு நாளைக்குக் கேட்டவன்."

இராசமலர் வேலிக்கு மேலால் தொங்கிய வயரைப் பார்த்தாள். இடையிடையே கறுப்பு ரேப் உருண்டு திரண்டிருந்தது. எலி விழுங்கிய சாரைப் பாம்பு போல இருந்தது அது. ஒரு எலியல்ல. அவள் விரலை மடித்து எண்ணினாள்.

"இதுக்கு என்ன நடந்தது?"

பரமேஸ்வரன் இதற்கு ஆயத்தமாக இருந்தான். குரலை ஆறுதலாக வைத்துக்கொண்டான்.

"இராசம், நான் உம்மைக் குறை சொல்லேல்லை. ஆரும் ஏமாறுவினம். வெளியாலை பாத்தால் தெரியாது. கள்ளம் நடுவிலைதான் இருக்கும்."

"நடுவிலை கள்ளம் இருந்ததோ?"

"இல்லை."

"பிறகு?"

"பாக்காமல் விடேலாதுதானே."

இராசமலர் பையைக் கீழே வைத்தாள்.

"இது கூடாத வயரெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லேல்லை? பிரதீபன் சொன்னவன். சந்திக் கடைக்காரர் சொன்னவர். மீன்கார வடிவம்மாக்கா, அவவும் சொன்னவா. அவவுக்கு உந்த வயராலை என்ன லாபம், பொய் சொல்ல?"

"காதிலை போடாதேங்கோ எண்டு சொன்னனான்தானே."

"அது நீர் ரோசத்திலை சொன்னதெண்டு நினைச்சன்."

இராசமலர் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கோபிப்பாள் என்று காத்திருந்த பரமேஸ்வரனுக்கு அது விளங்கவில்லை. ஏமாந்தது இப்போதுதான் உறைத்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டான். அவள் மனம் ஆறட்டும் என்று, கீழே குந்தி, வேலி ஓரத்தில் சிதறிக் கிடந்த ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்கத் தொடங்கினான்.

ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. மீன் மணமும் வந்தது. வேலிக்கு மேலால் வடிவம்மாவின் தலை தெரிந்தது. அவளுக்கு நின்றுகொண்டிருந்த இராசமலர் மட்டும்தான் தெரிந்தாள். இரகசியம் சொல்வதற்காக வடிவம்மா குரலைத் தணித்தாள். ஒழுங்கை ஒழுங்கையாக மீன் கூவி விற்கிற குரல், தணித்தாலும் அடுத்த வளவுக்குக் கேட்கும்.

"பிள்ளை, நீ சொன்னமாதிரியே அந்த வயர் கூடாதெண்டு ஒரு வீடு விடாமல் சொல்லிப்போட்டன். உன்ர மனிசன்கூட வந்து கேட்டவர், அவருக்கும் உண்மையைச் சொல்லேல்லை. ஒருத்தரும் இரவல் கேட்டு வரேல்லைத்தானே?"